நடுவில் ஒரு நாற்காலி

மஸ்கட்டில் ஸ்பீக்கர் வாங்கப் போனால் முதலில் உட்காரச் சொல்கிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கும் சரியாக நடுவில் ஒரு நாற்காலி. அதில் அமர்ந்து வாய் திறக்காமல் கேட்க வேண்டும். திருச்சியில் நான் அறிந்த ஸ்பீக்கர் வேறு ரகம். பாலக்கரையில் கல்யாணமோ தேர்த் திருவிழாவோ, வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, சத்தம் எத்தனை தெரு தாண்டுகிறது என்று ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். தெரு தாண்டாத ஸ்பீக்கருக்கு அங்கே மரியாதை கிடையாது. இங்கேயோ ஒற்றை ஆளுக்கு இரண்டு பெட்டி.

லீவுக்குப் போகும்போது வீட்டுக்கு ஸ்டீரியோ செட் கொண்டுபோக வேண்டும் என்பது என் மூன்று வருஷத்து ஆசை. போன வருஷம்தான் கைகூடியது. கடைக்காரர் காலித் நிதானமான ஓமானி. டிஸ்கோ இசையைப் போட்டு ஜோடி ஜோடியாக மாற்றிக் காட்டினார். எனக்கு எல்லாமே ஒரே இடியாகக் கேட்டது. சட்டைப்பையிலிருந்த கேசட்டை எடுத்து, இதைப் போடுங்கள் என்றேன்.

கடிதத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து வந்த கேசட் அது. என் மனைவி பிலோமினா ஸ்ரீரங்கத்தில் டீச்சர். ஞாயிறு பூசை முடிந்து வந்து டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, வகுப்பெடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கேசட் முழுக்க நல்ல சேதிதான் இருக்கும்.

"பாடகியா?" என்று ஹிந்தியில் கேட்டார் காலித்.

"மனைவி."

அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, அவள் பாடுவதற்காகக் காத்திருந்தார்.

நான்காவது ஜோடி இடுப்பளவு உயரம். "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோங்க. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல சரியான கூட்டம், பஸ்ல ஏறவே முடியல" என்றாள் பிலோமினா. எழுந்து ஃபேனை நிறுத்தப் போனாள் போலிருக்கிறது. அந்த இடைவெளியில் டொக், டொக் என்று கட்டை தரையில் ஊன்றும் சத்தம். என் அறையின் சின்ன டேப்பில் பத்து முறை கேட்டும் காதில் விழாத சத்தம். கூடவே எங்கள் ஏழு வயது மகள் செல்வியின் கிசுகிசுப்பு: "அம்மா, கட்டைய மெதுவா ஊனும்மா. அப்பாவுக்குக் கேட்டுடும்."

திரும்பப் போடச் சொன்னேன். சந்தேகமே இல்லை, ஊன்றுகோல்தான்.

"குழந்தை என்ன சொல்கிறது?" என்றார் காலித்.

"எல்லாரும் நலமாம்" என்றேன். பழகிய வாய். என் கண் கலங்கியதைப் பார்த்து, ஸ்பீக்கர் அவ்வளவு பிடித்துவிட்டது என்று அவர் பில் எழுதத் தொடங்கிவிட்டார்.

பிலோமினா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியன்? எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறவன், கேசட் பேச மட்டும் மேனேஜர் அறைக்குப் போவேன். ஏ.சி. உறுமல் கேட்டால் வீட்டில் நிம்மதியாக இருப்பார்களே என்றுதான்.

லீவை முன்னதாக வாங்கி, பம்பாய் வழியாகப் பெட்டிகளோடு போய்ச் சேர்ந்தேன். பிலோமினாதான் கதவைத் திறந்தாள். கக்கத்தில் கட்டை. ஏகாதசிக் கூட்டத்தில் பஸ் படியிலிருந்து விழுந்து கால் முறிந்திருக்கிறது.

"யாருங்க சொன்னா உங்களுக்கு?"

"செல்விதான்."

"நான் மெதுவாத்தாம்பா சொன்னேன்" என்றது குழந்தை.

மறுநாள் செட்டைப் பொருத்தியதும் என் பழைய கேசட் ஒன்றைப் போட்டாள். "ரூம்ல ஏ.சி. ஜில்லுன்னு இருக்கு பிலோ" என்றது என் குரல். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உங்க ரூம்ல யாருங்க டைப் அடிக்கிறது?"

மறைக்க மனம் வரவில்லை. எட்டுப் பேர் கதையையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கால் கூடி அவள் நடக்கத் தொடங்கியதும் நான் இங்கே திரும்பிவிட்டேன். இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் உள்ளதை உள்ளபடி பேசுகிறோம். சாதாரண டேப்பில் பேசிய குரலை அந்த ஜோடியில் போட்டால், அது இடது பெட்டியிலும் இருக்காது, வலது பெட்டியிலும் இருக்காது. நடுவில், யாருமில்லாத இடத்திலிருந்து வரும். போன வாரக் கேசட்டில் செல்வி சொல்கிறாள்: "அப்பா, உங்க குரல் வர்ற எடத்துல அம்மா ஒரு நாற்காலி போட்டிருக்காங்க. யாரையும் அதுல உக்கார விடுறதில்ல."