பதினோரு வீட்டில் ஆள் கூடுதல்

பெரில் அகேயோவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சியாயாவில் எங்கள் அலுவலகத்துக்கு அவள் பயிற்சிக்கு வந்து ஐந்து மாதமாகிவிட்டது. இன்றுவரை அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். தேநீரை நின்றபடிதான் குடிப்பாள், அதுவும் பாதி.

கிசுமு நகரத்தில் சந்தைக்குப் பின்புறம் அவர்களுக்கு ஒன்றரை அறை வீடு. அம்மா பழைய துணி விற்கிறாள். அண்ணன், தம்பி, இவள் மூவருக்கும் படுக்கை முன்னறையில்தான், நடுவில் ஒரு திரைச்சீலை. புள்ளியியல் படித்து முடித்து இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டபின் கிடைத்தது இந்த ஆறு மாதப் பயிற்சி. மூன்று பேர் பயிற்சியில் இருந்தார்கள். முடிவில் ஒருவருக்கு மட்டும் ஆய்வு உதவியாளர் வேலை. மற்ற இருவரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இலவசமாக உரம் கொடுத்தால் குடும்பத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் சாப்பாடு கூடுகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. நானூறு வீடுகளுக்கு உரம் கொடுத்தோம், இன்னொரு நானூறுக்குக் கொடுக்கவில்லை. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவருவார்கள். அவர்கள் நிஜமாகவே போனார்களா, மாமரத்தடியில் உட்கார்ந்து கதை எழுதினார்களா என்று பார்ப்பது பெரிலின் வேலை. சில வீடுகளுக்குத் தனியாகப் போய் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.

அப்படித்தான் கணக்கெடுப்பாளன் ஒச்சோலா மாட்டினான். அவன் எழுதியதில் உரம் வாங்கிய பதினான்கு வீடுகளுக்கு இவள் போனாள். பதினோரு வீட்டில் அவன் கணக்கில் ஓர் ஆள் கூடுதல். வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் எங்கள் மேற்பார்வையாளர் நஃபூலா அவனுடைய டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பதினோரு பேரை எங்கேருந்து கொண்டுவந்த? நீயே களிமண்ணுல பிடிச்சு வெச்சியா?"

"இருக்கிற ஆளத்தான் எழுதினேன் மேடம்."

"பெரில், நல்ல வேலை பண்ணின. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்."

வாசலில் ஒச்சோலா அவளை மடக்கினான். "ஏம்மா கிசுமு மகாராணி, அந்த வீட்டுக்குள்ள எல்லாம் உக்காந்து பேசி எழுதினவன் நான். நீ முற்றத்துலயே நின்னு எழுதியிருப்ப. ஷூவுல சாணி ஒட்டிடும்ல!"

"அதையெல்லாம் மேடம்கிட்ட சொல்லுங்க அண்ணே."

அன்று சாயங்காலமே செய்தி கசிந்துவிட்டது: வேலை யாருக்கு என்று எழுதி திங்கட்கிழமை காலை நைரோபி தலைமை அலுவலகத்துக்குப் போகும் தாளில் பெரிலின் பெயர் இருக்கிறது. அம்மாவுக்குப் போன் பண்ணினாள். அம்மா சந்தையிலேயே குரவையிட்டது போனில் எங்களுக்கும் கேட்டது.

ஞாயிறு மதியம், வாடகைக்கு இருந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். வீட்டுக்காரி ஒடோங்கோ அம்மா உகாலிக் களியைக் கவிழ்த்து வைத்தாள், பக்கத்தில் ஒமெனா மீன் குழம்பு. மகன் ஒடோங்கோ வெளியிலிருந்து வந்து கையலம்பி, தன் பங்கைப் பிட்டுக்கொண்டான். சாப்பிட்டு ஏப்பம் விட்டு, வாசல் பக்கம் இருந்த தன் குடிசைக்குப் போய்விட்டான். ஐந்து மாதமாக நடப்பதுதான்.

பெரிலின் கை தட்டிலேயே நின்றது.

"அம்மா, ராத்திரி உங்க வீட்டுல எத்தனை பேர் படுப்பீங்க?"

"என்ன கேள்வி இது? நானும் சின்னவளும்."

"ஒடோங்கோ?"

"மீசை முளைச்ச பையன் அம்மா கூரைக்குக் கீழ படுப்பானா? ஊர் துப்பாது? உங்க கிசுமுல வேணா திரை கட்டிப் படுப்பீங்க."

"ஆனா சாப்பாடு..."

"சாப்பாடு என் பானையிலதான். வேற யாரு போடுவா, அவன் பொண்டாட்டியா? முதல்ல ஒருத்தி வரட்டும். நீ ஏன் தின்னாம முழிக்கிற?"

எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி நீளமானது: 'கடந்த முப்பது நாளில் இந்தக் குடும்பத்தின் பானையிலிருந்து வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் யார் யார்?' மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பெரில் அதைச் சுருக்கிவிட்டிருந்தாள்: 'ராத்திரி இங்க யாரெல்லாம் படுப்பீங்க?' அவள் வளர்ந்த வீட்டில் இரண்டுக்கும் ஒரே பதில். இங்கே அம்மாக்கள் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். வயதுக்கு வந்த மகனை விட்டுவிட்டுச் சொன்னார்கள்.

அறைக்குப் போனாள். ஷூவைக் கழுவினாள். கழுவிய ஷூவை மறுபடி கழுவினாள். தார்ச்சாலைவரை நடந்து திரும்பினாள். போனை எடுத்து நஃபூலாவின் பெயர்வரை போய் அணைத்தாள். ஒரு நாள் பொறுத்தால் தாள் போய்விடும், அப்புறம் சொன்னால் தவறு திருத்திய மாதிரியும் இருக்கும், வேலையும் இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதைப் பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். இரண்டாம் முறை தார்ச்சாலைக்கு நடந்தவள் அப்படியே வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றை நிறுத்தி ஏறிவிட்டாள்.

நஃபூலா தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதித் தலை முடிந்திருந்தது. பெரில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பின்னிக்கொண்டிருந்த பெண்ணின் கைகூட நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலையில உன் பேரத்தான் அனுப்பறதா இருந்தேன். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா வந்த?"

"அந்தப் பதினோரு பேரையும் எடுத்துட்டா, மிச்சமிருக்கிறவங்க தட்டுல சோறு கூடினாப்ல தெரியும். உரம் வேலை செஞ்சுதுன்னு எழுதிடுவோம். ஒச்சோலா அண்ணனும் சரியாத்தான் எழுதியிருக்காரு."

"கேள்வியைச் சுருக்கச் சொல்லி உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

நஃபூலா திட்டினாள். பாதி பின்னிய தலையோடு பத்து நிமிடம் திட்டினாள். கடைசியில், "பின்னு, பின்னு, ஏன் நிறுத்தின?" என்று அந்தப் பெண்ணையும் திட்டினாள்.

திங்கட்கிழமை தாள் போனது. அதில் இன்னொரு பயிற்சிப் பையன் ஹெஸ்போனின் பெயர் இருந்தது. கிசுமுவில் குரவையிட்ட அம்மாவிடம் அதைச் சொல்ல பெரிலுக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒச்சோலாவுக்கு டேப்லெட் திரும்பி வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

பதினான்கு வீட்டையும் மறுபடி கேட்டுவர ஹெஸ்போனோடு பெரிலையும் அனுப்பினார்கள். இந்தத் தடவை நீளமான கேள்வியை எழுத்துக்கு எழுத்து வாசித்தாள். பதிமூன்று வீடுகள் ஒச்சோலா எழுதியபடியே இருந்தன. ஒரு வீட்டில் மட்டும் அவன் கணக்கில் இப்போதும் ஓர் ஆள் கூடுதல். அந்த வீட்டுப் பெரிய மகள் டிசம்பரிலேயே கல்யாணமாகிப் போய்விட்டாள்.

அலுவலக வாசலில் ஒச்சோலா சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். "என்ன தங்கச்சி, இந்தத் தடவை உள்ள போய் உக்காந்தியா?"

"உக்காந்தேன். அண்ணே, ஒண்டிட்டோ வீட்டுப் பெரிய பொண்ணு..."

அவன் நெற்றியைத் தேய்த்தான். "அடச்சீ. அந்தக் கல்யாணத்துல நானே ஆட்டுக்கறி தின்னேன். பழைய பட்டியலைப் பார்த்து எழுதிட்டேன் போல." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணுதானே. விட்டுடேன். உனக்கும் இங்க இன்னும் மூணு வாரம்தான்."

பெரில் டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்தத் திருத்தத்தை அவள் ஏற்கெனவே அனுப்பியிருந்தாள்.