சூசையம்மாள் சோறு வைத்த நாய்

துணி காய்ந்துவிட்டதா என்று சூசை அத்தை கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடி ஒரு மூச்சு. பிறகு "இன்னும் ஈரம் குடிச்சுக்கெடக்கு" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் மடிக்கத் தொடங்குவார். விடிந்ததிலிருந்து கொடைக்கானல் தண்ணீரில் கிடக்கும் கை மரத்துப் போயிருக்கும். அதற்கு ஈரத்துணியும் காய்ந்த துணியும் ஒன்றுதான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பார்த்ததையே, பட்டம் வாங்கிக்கொண்டு வேலை தேடும் இந்த வயதிலும் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன்.

அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. நாயுடுபுரத்தில் எங்கள் எதிர்வீடு. மாமா லாட்ஜில் ரூம்பாயாக இருந்தபோது ஒருநாள் அழுக்கு விரிப்புகளை மூட்டையாகக் கட்டி, அத்தை துவைத்துத் தர வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமா இறந்த பிறகும் மூட்டைகள் வந்தன. பெரிய ஓட்டல்கள் மெஷினுக்கு மாறிவிட்டன. சில சின்ன லாட்ஜுகள் மட்டும் அத்தையை விடவில்லை. காரணம் அவருடைய வாடகை வீட்டின் பின்னால் இருந்த மேடு. மரம் மறைக்காத கிழக்குச் சரிவு. ஊரே பனிமூட்டத்தில் இருந்தாலும் மேகம் கொஞ்சம் விலகினால் முதல் வெயில் அங்கேதான் விழும். அந்த மேடு இருக்கும்வரை அத்தைக்குச் சோறு உண்டு.

மேட்டுக்குப் பக்கத்து வீட்டை தனசேகர் என்பவர் வாடகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே ஆக்கினார். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே, கீழே ஆயக்குடியில் இருக்கும் சுந்தரராஜ். விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்ள தனசேகர் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினார். பெயர் பிரவுனி. குட்டி வளர்ந்து பெரிதானதும் போட்டோ எடுக்க ஆளில்லை. கட்டிப்போட்டால் குரைத்தது. அவிழ்த்துவிட்டார்.

அவிழ்த்துவிட்ட நாய் நேராக மேட்டுக்கு வந்தது. காற்றில் ஆடும் வெள்ளை விரிப்பைப் பார்த்தால் அதற்குத் தாங்காது. ஓரத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டே ஓடும். கிழிந்ததற்கெல்லாம் அத்தைதான் பொறுப்பு. ஒரு லாட்ஜ் மூட்டை அனுப்புவதை நிறுத்தியது.

"ரெஜினா, நீ படிச்ச புள்ள. அந்தாளுகிட்ட இங்கிலீசுல ரெண்டு வார்த்த கேளு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கேட்டேன். மரியாதையான, இலக்கணம் பிசகாத ஆங்கிலம். தனசேகர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தார். "தமிழ்லயே திட்டும்மா, எனக்கும் புரியும். கட்டிப்போட்டா கத்துது, ரூம்ல இருக்கவங்க தூங்க முடியல. நான் என்ன செய்ய? நீங்க துணிய உசரமா கட்டுங்க."

"உசரமாக் கட்டுனா நான் ஏணி போட்டா காயப்போட?" என்றார் அத்தை.

"ஏணி வேணுமா? எங்ககிட்ட இருக்கு, எடுத்துக்கங்க."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் சுந்தரராஜ் இனிமையாகப் பேசினார். "வாயில்லா ஜீவன்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. நான் மேல வரும்போது கொய்யா கொண்டாரேன்."

போனை வைத்ததும் அத்தை இரண்டு காரியம் செய்தார். முதலாவது, அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டது. எங்கள் தெருமுனையில் அவர் சிலை இருக்கும் சின்னக் கெபியில் உப்பும் மிளகும் கொட்டுவதாக நேர்ந்துகொண்டால் துன்பம் உப்பாகக் கரையும் என்பார்கள். "இந்த நாய்த்தொல்லைய ஒழிச்சுக்குடு சாமி, உப்பும் மிளகும் கொட்டுறேன்" என்று கடையில் வாங்கியும் வைத்துவிட்டார். இரண்டாவது, காலையில் துணி காயப்போடும் முன் பிரவுனிக்குக் கருவாட்டுக் குழம்பில் பிசைந்த சோறு வைத்தது.

"தின்னுட்டு கெடக்கும்ல, அதுக்குள்ள வெரசாக் கட்டி முடிச்சிருவேன்."

நாய் தின்றது, கிடந்தது, விரிப்பைத் தொடவில்லை. குட்டியில் போட்ட கழுத்துப்பட்டை இறுகிப் புண்ணாகியிருந்ததைப் பார்த்த அத்தை, கத்தியால் அதை அறுத்தெறிந்துவிட்டு மஞ்சள் வைத்தார். அதன்பின் நாய் ஹோம்ஸ்டே பக்கம் போவதே இல்லை. துணிக்கொடியின் கீழ் படுத்துக்கொண்டு, மேட்டுக்கு யார் ஏறினாலும் உறுமியது. சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். உப்பு கொட்டப் போகலாமா என்று கேட்டேன். "இருடி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அவசரப்பட்டா சாமி பாதியில விட்டுரும்" என்றார்.

சூரியோதயம் பார்க்க மேட்டுக்கு ஏறிய ஹோம்ஸ்டே விருந்தாளி ஒருவரின் பேண்ட்டைப் பிரவுனி கிழித்தது. தோலில் பல் படவில்லை. ஆனால் தனசேகர் தெருவே கேட்கக் கத்தினார். "உங்க நாய் என் கெஸ்ட்ட கடிக்குது! நாயக் கட்டிப்போட மாட்டீங்களா?"

அத்தை வாய் பிளந்து நின்றார். "யாரு நாய்?"

"சோறு வைக்கிறது யாரு? அது படுக்குறது யாரு வாசல்ல?"

சுந்தரராஜ் ஒரு பை கொய்யாவுடன் வந்தார். பையை அத்தை கையில் கொடுத்துவிட்டுத்தான் விசாரிக்கவே ஆரம்பித்தார். குடிவரும்போதே நாய், கோழி கூடாது என்று சொல்லியிருந்தாராம்.

"அய்யா, அது அவரு வெல குடுத்து வாங்குன நாய்ங்க" என்றேன் நான். "கழுத்துல பட்ட இருந்துச்சு."

"எங்க பட்ட?" என்றார் தனசேகர். "அறுத்தது யாருன்னு கேளுங்க."

புண்ணைப் பற்றிச் சொன்னேன். புண் ஆறியிருந்தது. அந்த இடத்தில் முடியும் முளைத்துவிட்டது.

சுந்தரராஜ் சலித்துக்கொண்டார். "எதுக்கு வளவளன்னு பேச்சு? ரெண்டு பேரும் தள்ளித்தள்ளி நில்லுங்க. கூப்பிடுங்க. யார்ட்டப் போகுதோ அவங்க நாய்."

தனசேகர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். "பிரவுனி, கமான்! கமான்டா!" அத்தை கூப்பிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கொய்யாப் பையை மார்போடு அணைத்தபடி, நாயைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாய் கொடியின் கீழிருந்து எழுந்தது, சோம்பல் முறித்தது, நடந்து வந்து அத்தையின் கால்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"அப்புறம் என்னம்மா?" என்றார் சுந்தரராஜ், கோபமே இல்லாமல். "ஈஸ்டர் முடிஞ்சு காலி பண்ணிருங்க. சீசனுக்கு தனசேகர் தம்பி இந்த வீட்டையும் கேக்குறாரு."

அத்தை காலை உதறவில்லை. ஓர் உதை கொடுத்திருந்தால் வீடு மிஞ்சியிருக்குமோ என்று பிறகு கேட்டேன். "தோணுச்சு. காலுதான் வரல" என்றார்.

அன்று முழுவதும் போனில் சட்டம் தேடினேன். நாயைப் பற்றியும் இருந்தது, வாடகையைப் பற்றியும் இருந்தது. சோறு போட்ட குற்றத்துக்கு என்ன செய்வது என்று எங்கும் இல்லை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இவ்வளவு படித்த எனக்கு அந்த மேட்டில் நின்று சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நாய் எழுந்து எங்கே போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டில் எது என்னை அதிகம் உறுத்துகிறது என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

வெயில் விழும் வேறு மேடு வாடகைக்குக் கிடைக்கவில்லை. அத்தை வத்தலக்குண்டில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். "வெயிலுக்கு அங்க பஞ்சமே இல்ல. துணிதான் இல்ல" என்று சிரித்தார். நாயை ஏற்ற மாட்டேன் என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். மகள் வீட்டிலும் நாய்க்கு இடமில்லை.

வண்டி கிளம்பும் முன் ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். உப்பும் மிளகும்.

"நேர்ந்தது இது. நாய்த்தொல்லைய ஒழின்னு கேட்டேன். ஒழிச்சிட்டாருல்ல? இனி அந்த நாய் என்னை எங்க தேடி வரும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொட்டணுமா வேண்டாமான்னு புரியலடி."

"நான் கொட்டிரட்டுமா அத்தை?"

"நீ கொட்டாத, வச்சிருந்தாப் போதும். அது என் கடன். சாமி மேல கோவம் ஆறுனப்பறம் நானே வந்து குடுக்கேன்."

கொடி இருந்த மேட்டில் இப்போது கார்கள் நிற்கின்றன. பிரவுனி எங்கள் வாசலுக்கு வருகிறது. சோறு வைக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறார், எங்களுடையதும் வாடகை வீடுதான். அத்தை இன்னும் வரவில்லை. அலமாரியில் அந்தப் பொட்டலத்தில் உப்பு ஈரம் குடித்து, காகிதத்தை நனைத்து, மிளகோடு கட்டியாகிக் கிடக்கிறது.