வள்ளத்தில் நின்ற கண்

நித்திரை வராதவர்களின் கண் எதில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. திரையில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒன்று கட்டிலோ, தலையணையோ, கடிகாரமோ. மற்றது நித்திரையோடு சம்பந்தமில்லாத ஏதாவது. திரைக்குக் கீழே இருக்கும் சின்னக் கருவி, கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பதிந்துகொள்ளும். நித்திரையை நினைத்தே பயப்படுகிறவர்களின் கண் தலையணையை விட்டு லேசில் வராது என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

வெளிநாட்டிலிருந்து வந்த படங்களில் பனி மூடிய வீடெல்லாம் இருந்தது. மன்னார் வெயிலில் வந்து உட்காருகிறவர்கள் அந்தப் பனியையே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் இங்கே பக்கத்துத் தோட்டவெளிக்காரி. எங்கள் சனத்துக்கு எங்கள் படம்தான் சரி என்று பெரிய புத்திசாலிபோல என் போனில் கிடந்தவற்றைத் தேடி எடுத்தேன். சைக்கிள், தேங்காய், பனை. பிறகு, போன வருடம் பேசாலைத் திருவிழாவுக்குப் போனபோது எடுத்த, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளம். வள்ளத்தைப் பார்த்து யார் கலங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மீனவர் ஊரான பேசாலையிலேயே ஆய்வை வைத்துக்கொண்டு அப்படி நினைக்க ஒரு தனி மடத்தனம் வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது.

ஆய்வுக்காகப் பேசாலைக் கோயில் பங்கு மண்டபத்துக்கு வந்த அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மாரிக் கடலில் கணவரின் வள்ளம் இயந்திரம் பழுதாகி அக்கரைக்கு இழுபட்டுப் போனதையும், ஆளையும் வள்ளத்தையும் இந்தியாவில் பிடித்து வைத்திருப்பதையும் வந்தவுடனேயே சொன்னார். அதற்குப் பிறகுதான் நித்திரை இல்லையாம். நான் தலையாட்டினேன். காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை.

தலை ஆடாமல் முகவாயை வைக்கும் தாங்கியைக் காட்டி, "நாடியை இதில வையுங்கோ அக்கா. முடியுமட்டும் அசையக் கூடாது, கதைக்கவும் கூடாது" என்றேன்.

என் பக்கத்துத் திரையில் அவருடைய பார்வை ஒரு புள்ளியாக ஓடியது. வள்ளம் வந்ததும் புள்ளி அதில் போய் நின்றுவிட்டது. அந்தப் படம் மறுபடி மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தில், நீல ஒட்டுப் போட்டிருந்த இடத்தில்தான் நின்றது. தலையணைப் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறுதான்; ஆனாலும் தலை துளியும் அசையாத இவ்வளவு சுத்தமான பதிவு எனக்கு வேறு யாரிடமும் கிடைத்ததில்லை. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

கடைசிப் படம் மறைந்ததும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"எப்ப வந்தது தங்கச்சி?"

"என்ன அக்கா?"

"எங்கட வள்ளம். அந்த நீல ஒட்டு அவர் போட்டது. கரையில கிடக்குதே! அப்ப ஆளும் வந்திட்டாரோ? ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

செருப்பைக்கூட மாட்டாமல் வாசல்வரை போய்விட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அது போன வருடம், வள்ளம் இழுபட்டுப் போவதற்கு முன்னம் எடுத்த படம் என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். நான் பாய்ச்சியது மட்டுமில்லை, அது எவ்வளவு நேராகப் போகிறது என்று பக்கத்தில் இருந்து அளந்து சந்தோஷமும் பட்டிருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அவரோ, புருஷன் கரை சேர்ந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டே, எழும்பி ஓடாமல், ஒரு சொல் கேட்காமல், நான் சொன்ன ஒரே காரணத்துக்காக நாடியை அந்தத் தாங்கியில் வைத்தபடி இருந்திருக்கிறார்.

லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். பிறகு, தான்தான் எதையோ கெடுத்துவிட்டவர்போல என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வள்ளத்தைக் கண்டும் நான் அசையேல்லைத்தானே தங்கச்சி?"

"இல்லை அக்கா" என்றேன். "நீங்கள் அசையேல்லை."