இதுவரை சரி

பாபநாசம் பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டுவதற்குள் தஸ்மியா ஆறு விடைத்தாள்களைத் திருத்திவிடுவாள். மடியில் பை, பைமேல் தாள், கையில் சிவப்புப் பேனா. பஸ் குலுங்கினால் பேனாவைத் தூக்கிக்கொள்வாள். குலுக்கல் நின்றதும் இறக்குவாள். தப்பான கணக்கின் குறுக்கே அவள் ஒருநாளும் பெருக்கல் குறி போட்டதில்லை. வரிவரியாக வாசித்துப் போய், பிள்ளை எங்கே வழி தவறியதோ அங்கே சின்னதாக ஒரு கோடு போட்டு, ‘இதுவரை சரி’ என்று எழுதுவாள். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இப்படி ஒரு டீச்சர் எனக்கு வாச்சிருந்தா நானும் படிச்சிருப்பேன் தாயி."

தஸ்மியா மேலப்பாளையத்துக்காரி. வயது இருபத்தாறு. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது. சாக்பீஸை இரண்டாக ஒடித்துத்தான் எழுதுவாள். முழுசாக எழுதினால் கிறீச்சிடுமாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அவள் மேஜையைச் சுற்றி நாலு பிள்ளைகள் நிற்பார்கள்.

துபாயில் இருக்கும் அண்ணன், அவளுக்கு ‘இர்ஷாத் காக்கா’, வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்பான்: "அவ்வளவு தூரம் பஸ்ல இடிபட்டுப் போயி அப்படி என்னத்தக் கண்டே?"

"வெளங்குத நேரத்துல ஒரு பிள்ளை ‘ஓ… அப்படியா டீச்சர்’ங்கும் பாரு காக்கா, அதைக் கேக்கணும். நேத்து மட்டும் மூணு கெடச்சுது" என்பாள்.

ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சு இசக்கியம்மாளிடமிருந்து மட்டும் வெகுநாள் அந்த ‘ஓ’ கிடைக்கவே இல்லை. அவள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். தேர்வில் பெயரை எழுதி வெற்றுத் தாளைக் கொடுத்துவிடுவாள். தஸ்மியா அந்தத் தாளில் ஒரே ஒரு கணக்கை எழுதித் திருப்பிக் கொடுப்பாள். மறுநாள் காலை அது விடையோடு மேஜைமேல் கிடக்கும். வைத்தது யார் என்று இவள் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

போன மாதம் கல்வி அலுவலர் அம்மா ஆய்வுக்கு வந்தார். "தப்பு ஒண்ணும் வந்திராம பாத்துக்கோங்க டீச்சர். முத வருசம் பாருங்க" என்று தலைமையாசிரியர் நடராஜ் காலையிலேயே பயமுறுத்தி வைத்திருந்தார். அலுவலர் நேரே போய் இசக்கியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

காரணிப்படுத்தும் கணக்கு. தூக்கத்திலும் போடக்கூடியதுதான். ஆனால் அன்று தஸ்மியாவின் கண் கடைசி பெஞ்சுக்கே போய்ப் போய் வந்தது. முதல் அடைப்புக்குறிக்குள் மைனஸ் நான்கு என்று எழுதியவள், இரண்டாவதில் பிளஸ் நான்கு என்று போட்டுவிட்டு மேலே போனாள்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், ரெண்டாவது அடைப்புக்குள்ளயும் மைனஸ்லா வரணும்? அங்கன பிளஸ் போட்டிருக்கீங்க."

வாசலில் நின்ற நடராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தஸ்மியா கரும்பலகையைப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரி.

அலுவலர் சிரித்தார். "பிள்ளைங்க கவனிக்காங்களான்னு பாக்க வேணும்னே மாத்திப் போட்டீங்களோ?"

ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும். நடராஜும் இப்போது இவள் பக்கம் திரும்பி, அதற்காகத்தான் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம், தப்பாத்தான் போட்டுட்டேன்" என்றாள் தஸ்மியா. கை இசக்கியம்மாளைக் காட்டியது. "ஏழு மாசமா வாயே தொறக்காத பிள்ளை மேடம். இன்னைக்கு என் தப்பையே கண்டுபிடிச்சிருக்கா!"

பிறகு சாக்பீஸை நீட்டினாள். "இங்கன வாம்மா இசக்கி. மிச்சத்தை நீயே போடு."

இசக்கியம்மாள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு பைய வந்தாள். பிளஸ் குறியின் செங்குத்துக் கோட்டை மட்டும் விரல் நுனியால் அழித்தாள். மைனஸ் நின்றது. அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.

தஸ்மியா கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய், அலுவலரின் பக்கத்தில், இசக்கியம்மாள் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்தாள். அங்கே கிடந்த நோட்டைத் திறந்து, கரும்பலகையில் அந்தப் பிள்ளை எழுத எழுத, வரிவரியாகப் பார்த்து எழுதிக்கொண்டாள்.