வெளுத்த அசுரன்

கல்கத்தாவுக்கு எம்.ஏ. படிக்க வந்து ஒரு வருஷம் வரை சந்தானத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. கும்பகோணத்தில் பி.ஏ. தேறியவன். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்த மாமா மஹாதேவனை நம்பித்தான் ரயிலேறினான். அவன் சேர்ந்த வகுப்பு அப்போது புதிது. பழைய சாசனங்களையும் சிற்பம், சித்திரங்களையும் ஒன்றாக வைத்து, எழுத்து மறைப்பதை உருவத்திலும் உருவம் மறைப்பதை எழுத்திலும் தேடுகிற படிப்பு. சேர்ந்திருந்தவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்களெல்லாம் பணக்கார வீட்டு வங்காளிப் பையன்கள். பேராசிரியர் வில்மட் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சந்தானத்தை 'மதராஸ்காரர்' என்பார்.

மாமா வீட்டில் இடம் இல்லை. பவானிபூரில் ஹரிபத பால் என்ற ஓவியரின் வீட்டு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. ஹரிபத அச்சுக்கூடங்களுக்கு சாமிப் படம் எழுதித் தருகிறவர். கல்லில் எழுதி, மை ஏற்றி, காகிதத்தில் ஒற்றி எடுக்கும் படங்கள். அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் அவர் மனைவி சாருபாலா. சந்தானம் மீன் தொடமாட்டான் என்று தெரிந்ததும் அவனுக்கென்று தனிச் சட்டியில் சமைக்கத் தொடங்கினாள். அவள் அவனை 'டாகுர்போ' என்று, புருஷனின் தம்பியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். அவனும் அவளை அண்ணி முறையில் 'பௌதி' என்றான். அவனுக்கு ஜுரம் வந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியவள் அவள்தான்.

அந்த ஆண்டு பூஜைக்கு ஹரிபத ஒரு துர்க்கை படம் எழுதினார். சிங்கத்தின் மேல் அம்மன், காலடியில் மகிஷாசுரன். அசுரனின் உடம்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. தலைமயிர் செம்பட்டை. கீழே 'எழுந்திரு தாயே' என்று அச்சுக்கூட முதலாளி ஒரு வரி சேர்த்திருந்தார்.

"அசுரனை ஏன் இப்படி வெளுக்க விட்டுவிட்டீர்கள்?" என்று சந்தானம் சும்மா கேட்டான்.

"கறுப்பு மை கல்லில் ஊறிப் பரவிவிடுகிறது. அம்மன் பாதமெல்லாம் அழுக்காகிறது. முதலாளி கறுப்பைக் குறை என்றார். மயிருக்கு மட்டும் மிச்சமிருந்த செம்மண் நிறத்தைத் தடவினேன்" என்றார் ஹரிபத. சொல்லிவிட்டுத் தூரிகை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரம் வில்மட் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை படிக்க வேண்டும். மற்றவர்கள் குப்தர் காலத்துச் சிலைகளை எடுத்துக்கொண்டார்கள். சந்தானம் துர்க்கை படத்தை எடுத்துக்கொண்டான். உட்கார்ந்து எழுத எழுத அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளுத்த உடம்பு யாருடையது? செம்பட்டை மயிர் யாருடையது? எழுந்திரு என்று சொல்வது தெய்வத்தையா, தேசத்தையா? ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பூட்டும் சாவியும்போலப் பொருந்தியது. மை பரவிய விஷயம் நடுவில் ஒருமுறை நினைவுக்கு வந்தது. அதை எழுதினால் கட்டுரையே இல்லை. எழுதவில்லை.

அவன் படித்து முடித்ததும் வில்மட் எழுந்து வந்து கை கொடுத்தார். "மிஸ்டர் சந்தானம், இந்த வகுப்பில் கண் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். மதராஸ்காரர் அன்றைக்கே மிஸ்டர் சந்தானம் ஆகிவிட்டார். கட்டுரையைத் தம்மிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் பேராசிரியர். அவருடைய கிளப் சிநேகிதர்களில் போலீஸ் அதிகாரி ஒருவர் உண்டு என்பது சந்தானத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பான்.

விடிந்தும் விடியாததுமாகப் போலீஸ் வந்தது. கற்களை உடைத்தார்கள், படங்களை மூட்டை கட்டினார்கள். ஹரிபத வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "என்ன தப்பு, பாபு? மை சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே போனார். சாருபாலா மாடிப்படி ஏறி ஓடி வந்தாள்.

"டாகுர்போ, நீ இங்கிலீஷ் படித்தவன். போய்ச் சொல்லு. அவருக்குச் சாமியைத் தவிர ஒன்றும் தெரியாதென்று சொல்லு!"

"பார்க்கிறேன் பௌதி" என்றான்.

ராஜத்துரோக வழக்கு. சாட்சி சொல்லச் சந்தானத்துக்கு சம்மன் வந்தது. விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் மஹாதேவன் மாமா அவனை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"இதோ பாருடா, கட்டுரை எழுதினது நீ. கோர்ட்டிலே போய் நான் எழுதினது பொய்ன்னு சொன்னா, வில்மட் உன்னை எம்.ஏ. தேற விடுவாரா? எனக்கு உத்தியோகம் நிக்குமா?"

"பொய்ன்னு யார் சொன்னா மாமா?"

"அப்போ சரி. காபி சாப்பிடு."

கோர்ட்டில் சந்தானம் தன் கட்டுரையை இங்கிலீஷில் விளக்கிச் சொன்னான். ஹரிபதவின் வக்கீல் ஏழை வக்கீல். ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டார். "நீங்கள் என் கட்சிக்காரரின் வீட்டில் குடியிருந்தவர். அசுரன் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று அவர் உங்களிடம் காரணம் சொன்னதுண்டா?"

கூண்டிலிருந்து ஹரிபத நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு நம்பிக்கை. ஆமாம், சொன்னேனே என்று தலையைக்கூட ஆட்டினார். பின்வரிசையில் வில்மட் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நினைவில்லை" என்றான் சந்தானம்.

ஹரிபத தாமே எழுந்து மை, கல், முதலாளி என்று வங்காளியில் ஏதேதோ சொன்னார். மொழிபெயர்த்துச் சொன்னபோது மாஜிஸ்டிரேட் சிரித்தார். முதலாளி முன்னமே மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டிருந்தார். ஹரிபதவுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல்.

அன்று சந்தானம் பெட்டியை எடுத்துக்கொள்ள வந்தபோது சாருபாலா வாசலை மறித்து நின்றாள்.

"உனக்கு நினைவில்லையா? நான் அடுப்படியில் இருந்தேன், எனக்கே காதில் விழுந்ததே!"

"பௌதி, அவர் மையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அவர் மனசுக்குள் அந்த எண்ணம் இருந்திருக்கும். எழுதினவனுக்கே தெரியாமல் கை எழுதிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் படிக்கிறோம்."

அவள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள். அவன் பெட்டி கனமாக இருந்ததால் கீழ்ப்படியில் ஒரு கை பிடித்துக்கூட விட்டாள். பழக்கதோஷம்.

சந்தானம் முதல் வகுப்பில் தேறினான். சர்க்காருக்கு வரும் புத்தகங்களையும் படங்களையும் வாசித்துக் குறிப்பு எழுதும் உத்தியோகம் கிடைத்தது. மாமாவின் மூத்த பெண் மீனாக்ஷியைக் கல்யாணம் செய்துகொண்டான். பாலிகஞ்ச் பக்கம் பால்கனி வைத்த வீடு. அவன் குறிப்பால் இன்னும் சில அச்சுக்கூடங்கள் பூட்டப்பட்டன. அவற்றின் சொந்தக்காரர்களில் யாரையும் அவனுக்கு நேரில் தெரியாதாகையால் சௌகரியமாக இருந்தது.

ஹரிபத விடுதலையான மழைக்காலத்தில் அவனைத் தேடி வந்தார். ஜெயில் செக்கில் சிக்கி வலது கை விரல்கள் நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சந்தானம் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஓர் அச்சுக்கூடத்தில் மை குழைக்கும் வேலை இருக்கிறதாம். பெரிய மனிதர் யாராவது நன்னடத்தைச் சீட்டு தந்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.

"நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறேன். உங்களுக்கு நான் எப்படித் தருவது?" என்றான் சந்தானம்.

ஹரிபத தலையசைத்தார். போகவில்லை. "இன்னொன்று. ஜெயிலில் எந்நேரமும் இதே யோசனை. கோர்ட்டில் இங்கிலீஷில் சொன்னீர்களே, என் படத்தில் என்ன இருக்கிறதென்று. எனக்கு ஒருதரம் சொல்லுங்களேன்."

சந்தானத்துக்கு முதலில் சங்கடமாக இருந்தது. ஆரம்பித்த பிறகு போய்விட்டது. உடம்பின் நிறம், மயிரின் நிறம், கீழே எழுத்து, அம்மனின் பார்வை போகும் திசை என்று வகுப்பில் சொல்வதுபோல விஸ்தாரமாகச் சொன்னான். இந்தக் கட்டுரையை இவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை. ஹரிபத வாயைத் திறந்தபடி கேட்டார். கடைசியில் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

தெருவில் சாருபாலா மழையில் நின்றிருந்தாள். மேலே பால்கனியில் நின்ற சந்தானத்துக்குப் பேச்சு கேட்டது.

"சீட்டு தந்தானா?"

"இல்லை. ஆனால் சாரு, அவர் சொன்னது சரிதான். இப்போதுதான் எனக்கே புரிந்தது. நான்தான் அப்படி எழுதியிருக்கிறேன். ஜெயில் எனக்கு நியாயம்தான்."

அவள் அவரைப் பளீரென்று கன்னத்தில் அறைந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மறுபடி அறைந்தாள். பிறகு அந்த நசுங்கிய கையைத் தன் முந்தானைக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டு, ஓவென்று அழுதபடி அவரை நடத்திக்கொண்டு போனாள்.

"யாருன்னா அது?" என்று மீனாக்ஷி உள்ளேயிருந்து கேட்டாள்.

"பழைய வீட்டுக்காரர்."

"ஏதாவது குடுத்தனுப்பினேளா? பாவம், நனைஞ்சுண்டு போறாளே."

எழுதினவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதுதான் சந்தானத்தின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பல நாட்களாக நெஞ்சில் கிடந்த ஒரு கனம் இறங்கியதுபோல இருந்தது. அன்று அவன் வயிறாரச் சாப்பிட்டான்.