அமிர்தநாதன் அண்ணனின் கொடிக்கயிறு

அமிர்தநாதன் அண்ணன் வீட்டுப் புறக்கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். போத்தனூரில் இருபத்தாறு வருடமாக அதன்மேல் கை வைத்துத்தான் பேசிக்கொண்டோம். அண்ணன் பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். எழுபத்தைந்து வயதிலும் விரல் அப்படியொரு கூர்மை. கண்தான் போய்விட்டது. இரண்டு வருடமாக அவருக்குச் சுத்தமாகப் பார்வை கிடையாது. அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மகன் மெல்வினுக்கும் மருமகள் ரெபேக்காவுக்கும் தெரியாதா என்று கேட்பீர்கள். காலையில் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனால் விளக்கு வைத்த பிறகு வருகிறவர்கள். கிழவன் முகத்தை யார் நின்று பார்த்தார்கள்?

அவர் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி விமலாராணி அக்காவுக்கு நினைவு தப்பியதும் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்பதாம் மாதம் அக்கா பெட்டியில் திரும்பினார். தன்னையும் அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணனுக்குப் பயம். என் கையைப் பிடித்துத் தையல் மிஷின்மேல் வைத்துச் சத்தியம் வாங்கினார். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க பாய். நா இந்த ஊட்டுலயே செத்துப் போகோணும்."

புறக்கடையில் துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்று, பின்வாசலில் தொடங்கி மூலையில் மாதா சிலை வைத்த சின்னக் குகை மாதிரியான கெபி வரைக்கும் போகும். அதில் அவரே முடிச்சுகள் போட்டிருந்தார். துவைக்கிற கல்லுக்கு நேரே ஒன்று, குளியலறைக்கு நேரே இரண்டு, கெபிக்குக் கை நிறையும் பெரிய முடிச்சு. கயிற்றைத் தடவிக்கொண்டே போய் தினமும் அந்தியில் மெழுகுவத்தி ஏற்றுவார். பார்ப்பவர்களுக்குக் கிழவர் காலாற நடக்கிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் மெல்வின் குடும்பத்துக்குப் பாசம் பொங்கியது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று, அப்பாவின் பிறந்தநாளுக்குப் புறக்கடையைத் தோட்டமாக்கக் கிளம்பினார்கள். ஆள் வைக்கவில்லை. யூடியூப் பார்த்து, மகனும் மருமகளும் பேத்தி ஜோவிதாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையும் மண்வெட்டியுமாக நின்றார்கள். துவைக்கிற கல்லைப் புரட்டினார்கள், மெக்சிகன் புல் பதித்தார்கள், நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தாமரைத் தொட்டி கட்டி ஓரமெல்லாம் கூழாங்கல் ஒட்டினார்கள்.

"அந்தக் கயிறு மட்டும் இருக்கட்டும் கண்ணு" என்றார் அண்ணன், உள்ளே கட்டிலில் இருந்தபடியே.

"கொடி மாடியில கட்டியாச்சுங்கப்பா. தோட்டத்துக்குள்ள அழுக்குக் கயிறு எதுக்குங்க?" என்ற மெல்வின் சுவரோரம் வந்தான். "ஏனுங்க மாமா, அப்பா இதுக்குப் போயி ஏன் இப்படி அடம் புடிக்கிறாரு?"

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? "வயசாச்சல்லங்க" என்றேன்.

"உங்க கத்திரியக் கொஞ்சம் குடுங்க. கத்தியில அறுக்க மாட்டேங்குது."

துணியைத் தவிர வேறெதிலும் என் கத்தரியை வைக்க விடமாட்டேன். பெற்ற மகளுக்கே காகிதம் வெட்டக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். மறுத்தால் ஏன் என்று கேட்பான், சத்தியம் உடைந்துவிடும் என்று பயம். நான்கு வெட்டில் கயிறு விழுந்தது.

பிறந்தநாள் சாயங்காலம் கேக் வெட்டியதும் ஜோவிதா அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். ரெபேக்கா செல்போனில் படம் எடுத்தாள்.

"கண்ண மூடிட்டே வாங்க தாத்தா." மூடினார். "இப்பத் தொறங்க." திறந்தார். "எப்படி இருக்குதுங்க?"

"நல்லாருக்குது அம்மணி. பச்சப் பசேல்னு இருக்குது."

எல்லோரும் கை தட்டினார்கள். கையை விட்டுவிட்டு அவள் அம்மாவிடம் படம் பார்க்க ஓடினாள். அந்தி ஆகிவிட்டதே, மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமே. அண்ணன் பழைய பழக்கத்தில் வலது கையைத் தூக்கிக் காற்றில் கயிற்றைத் தேடினார். இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி தொட்டிக்குள். முதலில் சிரித்தார்கள், வீடியோவில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. பிறகு தண்ணீர் சிவந்தது.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்ட டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. கயிற்றைப் பற்றிச் சொல்லி, திரும்பக் கட்டிவிடலாம் என்றேன்.

"இத்தன பாடுபட்டுப் போட்ட புல்லு மேல கயிறா?" என்றாள் ரெபேக்கா. "அங்க நல்லாப் பாத்துக்குவாங்க."

எந்த இல்லம் என்று நான் கேட்கவில்லை.

காரில் ஏற்றிய பிறகு அண்ணன் ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க பாய், அன்னைக்குக் கயித்த வெட்டுனது உங்க கத்திரிதானுங்களே? உள்ள சத்தம் கேட்டுச்சு."

"இல்லீங்கண்ணா" என்றேன். என் முகம் அவருக்குத் தெரியாது. விரல்கள் மட்டும் என் உள்ளங்கையை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, தாமாகவே விலகிக்கொண்டன.