தூசி மேல் கொடுத்த பிராது

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமி முன்னால் ஒரு முறையாவது கலங்கி நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. இருந்தாலும் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

2006-ம் வருடம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே கல்லை மாவாக அரைக்கும் இடத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில், "வாங்க தாத்தா" என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். அந்த ஆடியில் அவருக்கு ஒரு இருமல் பிடித்தது. கார்த்திகை வந்தும் விடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "தூசி நெஞ்சுல படிஞ்சிருக்குது. படிஞ்சது போவாது. இனிமே சேராம பாத்துக்கணும். அந்த வேலைக்கே திரும்பப் போனாருன்னா, நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

மறுநாள் காலையில் இவர் வழக்கம்போல சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல்படியில் போய் மறித்து நின்றேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? டாக்டர் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சு. வூட்டுல ஒலை வைக்கணுமில்ல? உனக்கு ஒரு வேலை கெடைக்கட்டும். அன்னிக்கே நின்னுடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவருடைய மூச்சு இப்போது என் கையில் இருந்தது.

நான் செராமிக் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கம்பெனியில் சூளையிலிருந்து வரும் சாமான்களைச் சோதிக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் போட வேண்டும் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் போவது ஜங்ஷன் ரோட்டில் ஒரு டைப்பிங் கடைக்கு. அங்கே கம்ப்யூட்டரில் ஒரு கவரிங் லெட்டர் தயாராக இருக்கும். நல்ல இங்கிலீஷ். பெயரையும் கம்பெனியையும் மாற்றி அடித்துக் கொடுப்பார்கள். பேட்டையில் டிப்ளமோ முடித்த பாதிப் பேர் அதே லெட்டரைத்தான் அனுப்பியிருப்போம். நானும் பல இடங்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அவர் இருமிக்கொண்டே வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

வேப்பூர் தாண்டி நெடுஞ்சாலையோரம் புதிதாக ஒரு டைல்ஸ் கம்பெனி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அதற்கும் அனுப்பினேன். அனுப்பிய பிறகு கையில் இருந்த நகலைச் சும்மா எடுத்துப் படித்தேன். மேலே முகவரி சரியாக இருந்தது. உள்ளே, 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்ற வரியில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர். எனக்கு முன்னால் வந்த யாருக்கோ அடித்தது. மாற்ற மறந்துவிட்டார்கள். இருந்த ஒரே கதவையும் நானே சாத்திவிட்டேன் என்று தோன்றியது. உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு மணவாளநல்லூருக்கு நடந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பிராதாக எழுதி, சாமி முன் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டுவது வழக்கம். காரியம் முடிந்ததும் மறக்காமல் வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

கோயில் அலுவலகத்தில் இருந்தவர் காகிதத்தைக் கொடுத்து, "யாரு மேலம்மா பிராது?" என்று கேட்டார்.

யார் மேல் கொடுப்பது? முதலாளி மேலா? இவர் மேலா? "எங்க வூட்டுக்காரர் நெஞ்சுல இருக்குற தூசி மேலங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, எழுதும்மா" என்றார்.

எழுதினேன். நான் இன்னார். இன்ன வேலை தெரியும். சூளையில் வெந்த சாமானைத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத கீறலும் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். சூளையில் கீழ்த்தட்டுச் சாமான்களே திரும்பத் திரும்பக் கீறல் விடுவதைக் கவனித்து, சூடு ஆறும் முன்பே சூளைக் கதவைத் திறக்கிறார்கள் என்று சொன்னவள் நான். அதற்குப் பிறகு உடைசல் குறைந்தது. இந்த வேலையை எனக்கு யாராவது கொடுத்தால் என் வீட்டுக்காரர் பிழைப்பார். அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது.

மடிக்கும் முன் ஒரு தடவை படித்தேன். இதில் ஒரு வார்த்தையைக் கூட எந்தக் கம்பெனிக்கும் நான் சொன்னதில்லையே! டைப்பிங் கடை லெட்டரில் 'கடின உழைப்பும் கீழ்ப்படிதலும் உள்ளவள்' என்றுதான் இருந்தது. சாமியிடம் போய் யாராவது அப்படி எழுதுவார்களா? எனக்கு என்ன தெரியும் என்பதை அவர் முன்னால்தான் முதல்முறையாக எழுதியிருக்கிறேன். எழுத வைத்ததும் அவர்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பிராதைக் கட்டிவிட்டு, பிராகாரத்திலேயே ஓரமாக உட்கார்ந்தேன். அதையே அந்த டைல்ஸ் கம்பெனிக்கு, எனக்குத் தெரிந்த எளிய இங்கிலீஷில் என் கையாலேயே எழுதினேன். வீட்டுக் கஷ்டத்தை மட்டும் விட்டுவிட்டேன், அது சாமிக்குச் சொன்னது. முன்பு அனுப்பிய லெட்டரில் வேறு பெயர் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. தபாலில் போட்ட பிறகும் பயம் போகவில்லை. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அழுகை வரும்.

பொங்கல் கழிந்து அந்த டைல்ஸ் கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி என் இரண்டு லெட்டரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உங்க ஊர்லேருந்து வர்ற லெட்டர் எல்லாம் ஒண்ணுபோலவே இருக்குதும்மா. படிக்காமலே வச்சிடுவோம். இது ஒண்ணுலதான் ஆள் யாருன்னு தெரிஞ்சுது" என்று கையெழுத்து லெட்டரைத் தொட்டுக் காட்டினார். "அந்தக் கீழ்த்தட்டு விஷயத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். மனதுக்குள் 'கொளஞ்சியப்பா, கொளஞ்சியப்பா' என்று சொல்லிக்கொண்டே பேசினேன். நான் எழும்போது அந்த அதிகாரி, "ஒண்ணாந்தேதி வந்துடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நேரே கிணற்றடிக்குப் போய் முகம், காது, கழுத்து என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மறுநாள் அந்தச் சட்டையை எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகப் பார்க்கிறார்.

பிராதை வாபஸ் வாங்க இருவரும் சேர்ந்து போனோம். வழியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றார். கோயில் வாசலில், "தூசிதான் இன்னும் உள்ளாறவே இருக்குதே. எதுக்கு வாபஸ் வாங்கற?" என்று கேட்டார்.

"போவலதான். இனிமே சேராதுல்ல" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அன்புள்ளவர்களே, பயம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர் இருமினால் இன்றும் கை வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். நீங்களும் பயம் தீரட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடே சாமி முன்னால் போய் உட்காருங்கள். அடுத்தவர் வார்த்தையை ஒதுக்கிவிட்டு, நீங்கள் யார், உங்களுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். எங்கள் பிராதைக் கொளஞ்சியப்பர் படித்தார். என் வீட்டுக்காரர் இதோ பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப் பத்தி என்ன எழுதற?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.